அரை மணி முந்தி ஓடும் மண்டபம்

இன்று திண்டிவனம் போய் வந்தேன். காரணம், ஒரு சிவப்புப் பெருக்கல் குறி!

நான் வேலை பார்ப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் விழுப்புரம் புக்கிங் கவுன்டரில். மண்டபம் இருப்பது திண்டிவனத்தில். அங்கே உள்ள கவுன்டரை செல்வியக்கா பார்த்துக்கொள்கிறார்.

இரண்டு ஊருக்கும் ஒரே புக்கிங் ஃபைல். அது கிளவுடில் இருக்கிறது. (எங்கே என்று யாராவது கேட்டால், எங்கள் ஓனர் ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டுவார்.)

நேற்று காலை ஆபீஸ் சாஃப்ட்வேர் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதிலிருந்து திண்டிவனம் கம்ப்யூட்டரில், குட்டி மேகப் படத்தின் மேல் அந்தச் சிவப்புக் குறி. அக்கா ஃபைலில் ஏற்றுவது எதுவும் கிளவுடுக்குப் போகவில்லை. அது அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாலையில் போன் வந்தது.

"தம்பி, எங்க மணி கல்யாணத்துக்கு ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்தப் போட்டுட்டேன். உனுக்குத் தெரியுதா?"

மணி, அக்காவின் சொந்தத் தம்பி.

எனக்குத் தெரியவில்லை. என் கம்ப்யூட்டரில் அந்த நாள் காலியாக இருந்தது. காலியாக இருந்ததால், முகையூர் ஏழுமலை என்பவரின் மகன் கல்யாணத்துக்கு அதைக் கொடுத்துவிட்டிருந்தேன்.

ஒரு மண்டபம். ஒரு முகூர்த்தம். இரண்டு மாப்பிள்ளைகள்!

"ஐயோ, அத்த விட்டா ஆடி வந்துடும் தம்பி! பொண்ணு வீட்ல ஏற்கெனவே முறுக்கிக்கினு இருக்காங்க. இந்தத் தேதி இல்லன்னா வேற எடம் பாத்துடுவோம்னு சொல்லிட்டாங்க."

முதலில் ஃபைலைச் சேர்ப்போம் என்று போனிலேயே வைத்தியம் ஆரம்பித்தேன். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னேன். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன். பாஸ்வேர்டைக் கேட்டது, வாங்கிக்கொண்டது, மறுபடி கேட்டது.

திண்டிவனத்தில் இருந்த ஓனர் தன் பங்குக்கு அக்காவின் மானிட்டரில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டினார். (இணையத்தில் நான் படித்த தீர்வுகளில் பாதி இதைவிட மோசம்.)

ஆகவே இன்று காலை பஸ் ஏறினேன்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பிறகு நினைவு வந்தது. எங்கள் மண்டபத்தில் எல்லாக் கடிகாரமும் அரை மணி நேரம் ஸ்பீடு. ஓனரின் கொள்கை அது.

"முகூர்த்த விஷயத்துல நான் ஐயரையும் நம்ப மாட்டேன், மாப்ளையையும் நம்ப மாட்டேன். கடிகாரத்த தள்ளி வெச்சாத்தான் எல்லாம் ஜல்தியா நடக்கும்."

கம்ப்யூட்டரின் மூலையைப் பார்த்தேன். அதுவும் அரை மணி ஸ்பீடு!

"சார், இதையுமா?"

"பின்ன? ஆபீஸ்ல ஒரு நேரம், மண்டபத்துல ஒரு நேரமா?"

பழைய சாஃப்ட்வேர் இதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டது. புது வெர்ஷன் நேர விஷயத்தில் கண்டிப்பு. இன்னும் வராத நேரத்திலிருந்து ஒருவர் உள்ளே வர முயன்றால் அது கதவைத் திறப்பதில்லை.

நேரத்தைச் சரிசெய்தேன். சிவப்பு போய்ப் பச்சை டிக் வந்தது!

கூடவே ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் வந்தன. ஒன்றில் மணி கல்யாணம், இன்னொன்றில் ஏழுமலை மகன் கல்யாணம். சாஃப்ட்வேர் யார் மனதையும் நோகடிக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. கிளவுடில் இடத்துக்குக் குறைவில்லை.

ஓனர் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார். "மொதல்ல யார் போட்டாங்களோ, அவங்களுக்குத்தான் மண்டபம்."

ஃபைலில் புக்கிங் நேரத்தைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். ஏழுமலை: 11.05. மணி: 11.20.

"அப்ப முகையூருக்குத்தான்மா. நான் இன்னா பண்றது?"

செல்வியக்கா சுவரைப் பார்த்தார். "சார், நேத்து என் கம்ப்யூட்டரும் அரை மணி ஸ்பீடு. அத்தக் கழிச்சா நான் போட்டது பத்து அம்பதுக்கு."

ஓனரும் சுவரைப் பார்த்தார். இதே கடிகாரத்தைக் காட்டித்தான் அவர் வருஷக் கணக்காக அக்காவுக்கு லேட் மார்க் போட்டு வருகிறார்.

அக்கா விடவில்லை. "கடிகாரம் கரெக்டுன்னா மண்டபம் அவங்களுக்கு. ஸ்பீடுன்னு சொன்னீங்கன்னா மண்டபம் எங்களுக்கு. ஆனா அப்ப நான் ஒரு நாளும் லேட்டா வர்ல. எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

எலுமிச்சம்பழம் லேசாக ஆடியது. (மேலே ஃபேன்.)

"...ஸ்பீடுதான்மா."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஏழுமலைக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார் ஓனர்.

"யோவ், வெளையாட்றீங்களா? ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறேன் நானு!"

ஆவணியில் முதல் முகூர்த்தம் தருவதாகவும், ஐஸ்கிரீம் தன் செலவு என்றும் ஓனர் கெஞ்சினார்.

"ஆவணின்னா மல்லாட்டை புடுங்கி, கடலைய வித்து முடிச்சிருப்போம், பரவால்ல. பத்திரிகையும் இன்னும் அடிக்கல. ஆனா அன்னிக்கு அந்த செவுத்துக் கடிகாரத்தக் கழட்டி உள்ள வெச்சிடணும்."

"ஏங்க?"

"போன தபா எங்க அக்கா பொண்ணு கல்யாணம் அங்கதான். எங்க பெரியண்ணன் கடிகாரத்தப் பாத்துட்டு, தாலி கட்டியாச்சின்னு நெனச்சி நேரா பந்தில போய்க் குந்திட்டாரு. தாய்மாமன் ஒர்த்தர் இல்லாமயே முகூர்த்தம் முடிஞ்சிச்சி. பெரிய பேஜாரு!"

ஆவணிக் கல்யாணத்துக்கு மட்டும் கழற்றுவதாக ஓனர் ஒப்புக்கொண்டார். மற்ற நாட்களில் கொள்கை கொள்கைதான். கம்ப்யூட்டருக்கு மட்டும் சரியான நேரம் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்தது.

நான் கிளம்பும்போது செல்வியக்கா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ஓனர் பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு வரச் சொன்னா ரெண்டரைக்கு வர்றியேம்மா? லேட்டு!"

"எந்தக் கடிகாரத்துல சார்?"