தீர்ப்பைத் திருப்பிச் சொல்லச் சொன்னவர்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். தீவு நீதிமன்றத்தில் எழுதுநராக இருந்தபோது, தீர்ப்புத் தமிழ் விளங்குகிறதென்று பெருமைப்பட்டேன். அங்கிருந்த மெலிந்த நீதவானோ தண்டனையை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி, பேச்சுத் தமிழில் காரணம் சொல்லி, கேட்டவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

ஒருநாள், கவனயீனமாகப் படகை ஓட்டி ஒருவனைச் சாகவிட்டவனுக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது.

"முதல் குற்றம், தானே ஒப்புக்கொண்டவன். திரும்பக் குற்றம் செய்தால் மறியலுக்குள்ள அடைபடுவான்" என்றார் நீதவான்.

இறந்தவனின் தாய் அனலைதீவிலிருந்து வந்திருந்தாள். "என்ர பிள்ளை இவ்வளவுதானோ, ஐயா?"

"இல்லை அம்மா. இது அவன்ர பிழைக்கு அளவு. உங்கட பிள்ளைக்கு அளவுபோட எனக்கு ஏலாது. விளங்கினதைச் சொல்லுங்கோ."

"அவன் வீட்டை போறான். என்ர பிள்ளை வராது."

"ஓம், அம்மா."

அடுத்த வழக்குக் கோவையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அவள் வாசலைத் தாண்டும்வரை எழுந்து நின்றார். நீதவான் எழுந்ததால் மன்றே எழுந்து நின்றது.