சாலையில் கார், பாலிசியில் ஸ்கூட்டர்

போன வாரம் மாதனூர் அருகே தடுப்பில் மோதி நொறுங்கிய என் காருக்குக் கிளெய்ம் கேட்டு, இன்று வேலூர் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

"இன்னா சார், உங்க நம்பருக்கு ஸ்கூட்டர்னு இல்ல பதிஞ்சிருக்கு? பாலிசி செல்லாது."

என் கையிலிருந்த பிரிண்டில் கார் என்றுதான் இருந்தது.

"அது புரோக்கர் திருத்தினது சார். ஸ்கூட்டருக்குக் கட்டிட்டு மீதிய அமுக்கிட்டான்."

அந்தப் புரோக்கர் என் மச்சானின் தோஸ்த். ஆன்லைனில் ஏமாற்றுவார்கள் என்று பயந்து, எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவனை நம்பினேன். எம்.ஏ. படித்திருக்கிறேன். இப்போது அவன் போன் சுவிட்ச் ஆஃப்.

மதியம் மனைவிக்கு டயாலிசிஸ். வேறு வண்டியில்லை. அதே மச்சானின் காரில்தான் போனோம். நாக்கு நுனிவரை வந்த வசவை, பின்சீட்டில் கண்மூடிச் சாய்ந்திருந்தவளைப் பார்த்து விழுங்கினேன்.

"உன் காருக்கு யார்டா இன்சூரன்ஸ் போட்டது?"

"அவன்தான் மாமா. நமக்குன்னா கம்மியா பண்ணுவான்னு சொன்னேனே."

ஆபீசில் கேட்டதை அவனிடம் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. திட்டுவதற்கு அதற்குமேல் என்ன இருக்கிறது?

"மெதுவா ஓட்டு" என்றேன்.

இதைவிட நல்ல யோசனை இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். வியாழக்கிழமை மறுபடியும் இதே காரில்தான் போகவேண்டும்.