முடிவு மட்டும் தெரிந்தவள்

எந்தப் படமானாலும் அம்மாவுக்கு முடிவு தெரியும், தொடக்கம் தெரியாது. திரையரங்கைக் கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. படம் முடியும் தறுவாயில் துடைப்பத்தோடு பின்கதவருகே வந்து நின்றுவிடுவாள். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுமுன்பே மகளிடம் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

"கடைசில அந்தப் பையன் தனியாவே ஸ்கூலுக்குக் கிளம்பிட்டான்டி."

"அவங்கப்பா எங்கம்மா?"

"முதல் பாதியில தொலைஞ்சிருப்பான். நான் என்னத்தக் கண்டேன்?"

முன்கதையை மகளே கட்டிக்கொள்வாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவள். இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, விடிந்தால் பயணம். அம்மா ஒண்டியாக எப்படி இருப்பாள் என்பதுதான் அவள் கவலை. அம்மாவோ பெட்டியில் வைத்த துணியையே எடுத்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு படமாவது முழுசா பாக்கலாம், வாம்மா" என்று மாலைக் காட்சிக்கு இழுத்துப் போனாள்.

படத்தில் ஒரு பெண்ணின் அப்பா இறக்கிறார். வீட்டைக் காலி செய்கிறார்கள். அந்தப் பெண் தன் அம்மாவை விட்டுவிட்டு வேலை தேடிப் போகிறாள். அம்மா இருக்கை நுனியில் தொற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, இவ்ளோ நேரமா கஷ்டப்படுவாங்க? நான் வர்றப்பல்லாம் கண்ணத் தொடச்சிட்டு இருப்பாங்களே."

இடைவேளை விளக்கு எரிந்ததும் அம்மா சட்டென்று எழுந்து, காலடியில் கிடந்த காகிதக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டாள். டார்ச் அடித்து இடம் காட்டுபவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, இன்னைக்கு நீ மகாராணி! கீழ போடு, உக்காரு."

அம்மா சிரிக்கவில்லை. "போதும்டி, வீட்டுக்குப் போலாம். பெட்டி கட்டணும்."

"முடிவு?"

"இந்த வாரம் பூரா அதத்தானே பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே! அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா?"

அம்மா கோப்பைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். மறுநாள் மகள் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நேர்ல வா, சொல்றேன்."

மகள் நினைத்திருந்தால் மீதிப் படத்தைப் போன ஊரிலேயே பார்த்திருக்கலாம். மனம் வரவில்லை. முதல் விடுமுறைக்கு வந்தபோது, அம்மா செருப்போடு நின்றபடியே அன்றைய படத்தின் முடிவைச் சொன்னாள்.

"அந்தப் படம்?"

"எந்தப் படம்?"

"நடிக்காதம்மா. சொல்றேன்னு சொன்னியே."

முடிவைக் கடன் வைத்திருந்த அம்மாவுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. மகளின் பெட்டியைத் திறந்து, மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"அடுத்த தடவ வா."