அத்தான் சாய்த்துப் பூட்டச் சொன்ன கிளீட்

டெல்லி துவாரகாவில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு கிளீட் கழற்றிப் போட்டுக் கிடக்கும். பாய்மரப் படகில் பாயின் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற சின்னக் கருவி அது. எதிரெதிராகப் பல்வைத்த இரண்டு தாடைகள், உள்ளே இரண்டு சுருள்வில்கள். கயிற்றை நம் பக்கம் இழுத்தால் தாடைகள் வழிவிடும். காற்று திரும்ப இழுத்தால் கடித்துக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமானால் கயிற்றை மேல்நோக்கி வெடுக்கென ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். அக்காவின் கணவர் பழைய டூத்பிரஷ்ஷால் அந்தப் பற்களுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்து யமுனையின் கறுப்பு வண்டலை எடுப்பார். "எண்ணெய் மட்டும் போட்டுராத. டெல்லித் தூசி அம்புட்டும் அதுலதான் வந்து உக்காரும்" என்பார் என்னிடம். "சோறு திங்குற எடத்துல யமுனையக் கொண்டாந்து கொட்டுதாக" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா தட்டுகளைத் தள்ளி வைப்பாள்.

டெல்லியில் பாய்மரப் படகா என்று சிரிக்காதவர்கள் இல்லை. ஓக்லா பக்கம் ஆற்றங்கரையில் ஒரு சிறிய கிளப் இருக்கிறது. ஆகாயத்தாமரையும் நாற்றமும் சில காலங்களில் வெள்ளை நுரையும் மிதக்கும் தண்ணீர்தான், ஆனால் காற்றுக்கு அதெல்லாம் தெரியாது. அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அத்தான், அங்கே இருவர் ஓட்டும் பழைய படகு ஒன்றை வாங்கினார். விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் கொழுந்தியாள் நான் அவருக்குத் துணை. முன்பக்கச் சிறு பாய் என் பொறுப்பு. சுக்கானும் பெரிய பாயின் கயிறும் அவர் கையில். கிளீட் வாங்குவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் சிரத்தை பெண் பார்ப்பது போலிருக்கும். பிளாஸ்டிக் பல் சீக்கிரம் மழுங்கும். உலோகப் பல் நிற்கும், ஆனால் கயிற்றைக் கொஞ்சம் தின்னும். கயிற்றின் தடிமனுக்குத் தாடை பொருந்த வேண்டும். வெறும் ஸ்க்ரூ போதாது, படகின் தளத்துக்கு அடியில் தகடு கொடுத்து போல்ட் முடுக்க வேண்டும். அந்த போல்ட்டுக்காக ஒரு முழுப் பிற்பகல் என்னைக் கரோல் பாக்கில் கடை கடையாக நடத்தியிருக்கிறார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கொஞ்ச நாளில் நடந்துவிட்டார். குளிர் குறைந்ததும் மறுபடி படகுக்கு வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். வந்தவுடன் அவர் செய்த முதல் வேலை பெரிய பாயின் கிளீட்டை மாற்றியது. வில் கடினமான, பல் கூரான ஒன்றை வரவழைத்திருந்தார். அதைக் கைப்பக்கமாக மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டச் சொன்னார். படகுகளைப் பழுது பார்க்கும் கிளப் மிஸ்திரி அப்படியே பூட்டிக் கொடுத்தார். அவ்வாறு சாய்த்தால் கயிறு தானாகவே தாடைக்குள் விழுந்து கடிபடும், கையால் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் அவசரத்தில் வெட்டி எடுப்பது கடினம். புதிய பொருள் என்பதற்கு மேல் நான் அப்போது எதுவும் நினைக்கவில்லை.

மார்ச் மாதத்துக் காற்று டெல்லியில் சொல்லாமல் வரும். பந்தயத்தின் பாதியில் ஒரு வீச்சு அடித்தது. கயிற்றை விட்டால் பாய் தளர்ந்து படகு நிமிர்ந்துவிடும். "அத்தான், விடுங்க! விடுங்க!" என்று கத்தினேன். அவர் வெட்டினார், வெட்டினார். கயிறு வெளியே வரவில்லை. படகு கவிழ்ந்தது. யமுனையைக் குடித்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன ருசி என்று. மீட்புப் படகு எங்களைக் கரை சேர்த்தபோது கிளப் செயலாளர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். உடம்பெல்லாம் சகதி வழிய நின்ற அத்தான், "மிஸ்திரி கிளீட்டைத் தப்பாகப் பூட்டிவிட்டார்" என்று இந்தியில் சொன்னார். மிஸ்திரி, "ஆப்னே ஹீ தோ போலா தா, சாப்" என்றார். நீங்கதானே சொன்னீங்க என்று. அத்தான் துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார், வெகுநேரம் துடைத்தார். அன்றே மிஸ்திரியைப் பழுதுவேலையிலிருந்து எடுத்து, படகுகளைக் கழுவப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அத்தான் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. "மேசையில அந்தச் சாமானும் இல்ல, அவுகளுக்குச் சோறும் எறங்க மாட்டேங்கு. என்னன்னு வந்து கேளேன்" என்று அக்கா போன் செய்தாள். போனேன். பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி இடது கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, "இழு" என்றார். இழுத்தேன். துண்டு எந்தத் தடையும் இல்லாமல், காற்றில் கிடந்தது போல என் கைக்கு வந்துவிட்டது.

"அம்புட்டுதான். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்பவே இப்படித்தான்" என்றார். "சாய்ச்சுப் பூட்டுன்னு நான்தான் சொன்னேன். எனக்குக் கை வரலன்னு சொல்ல வாய் வரல. அந்தாள் பேரச் சொல்ல மட்டும் வாய் வந்துட்டு."

அந்தத் துண்டை மடிப்பதா, திரும்பக் கொடுப்பதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பிறருடைய வெட்கத்துக்கு அருகில் நிற்பது, கதவு திறந்திருக்கும் குளியலறையைக் கடப்பது போல. பார்க்காமல் போனாலும் பார்த்தது போலத்தான்.

அந்த ஞாயிறு கிளப்புக்குப் போனோம். பந்தயம் முடிந்து எல்லோரும் தேநீருக்குக் கூடியிருந்தார்கள். அத்தான் எழுந்து நின்றார். அவருடைய இந்தி அலுவலகக் கோப்புகளின் இந்தி. அன்று அதுவும் உடைந்து உடைந்து வந்தது. கிளீட்டைச் சாய்க்கச் சொன்னது நான், பொய் சொன்னதும் நான் என்றார். இடது கையை உயர்த்தி விரல்களை மடக்கிக் காட்டினார். அவை பாதியில் நின்றன. யாரோ, "சோடியே சர், ஹோதா ஹை" என்றார், விடுங்க சார், நடக்கிறதுதானே என்று. சிலர் பிஸ்கட்டைப் பார்த்தார்கள். மிஸ்திரி ஓரத்தில் ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அத்தான் அவரிடம் போய்க் கைகூப்பினார். மிஸ்திரி, "டீக் ஹை, சாப்", சரி சார், என்று மட்டும் சொல்லிவிட்டுக் கயிற்றோடு படகுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

பழுதுவேலை மிஸ்திரிக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் எங்கள் படகை மட்டும் அவர் அதன்பிறகு தொடவில்லை. கேட்டால், வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்பார். நானும் அத்தானுமாக அந்தக் கிளீட்டைக் கழற்றி, தாழ்த்திப் பூட்டினோம். அவர் சொல்லச் சொல்ல போல்ட்டை நான் முடுக்கினேன். சுக்கானையும் பெரிய பாயையும் என்னிடம் கொடுத்துவிட்டு அவர் முன்பாய்க்குப் போனார். நன்றாகவே ஓட்டினோம். ஆனால் கரையில் மிஸ்திரி எதிர்ப்பட்டால் அத்தானின் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அவரே முந்திக்கொண்டு நமஸ்தே சொல்வார். பதிலுக்கு ஒரு தலையசைப்பு கிடைக்கும். மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். வேலைதான் திரும்பி வந்தது, அவ்வளவே.

போன குளிர்காலத்தில் அத்தான் காலமானார். காரியங்கள் முடிந்து கிளப்புக்குப் போனபோது மிஸ்திரி தானாகவே என்னிடம் வந்தார். அக்கா என்று என்னை அழைத்து இந்தியில் கேட்டார்:

"தீதி, சாபுக்கு வராமல் போனது எந்தக் கை?"

ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினாரே" என்றேன்.

"நான் பார்க்கவில்லை" என்றார் மிஸ்திரி. "அவர்மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு பெரிய மனிதர் எனக்காக எழுந்து நின்றபோது எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. தலையே நிமிரவில்லை."

இடது கை என்று சொன்னேன். அவர் தன் இடது கையை விரித்துப் பார்த்தார், மெதுவாக மடக்கினார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எங்கள் படகுக்குள் இறங்கினார்.