அம்மா ஊட்டுக்குப் போச்சு

என் மகள் ஒன்றரை வயதில் 'அம்மா' என்று சொன்னாள். மழலையே இல்லாமல் தெளிவாகச் சொன்னாள். சொன்னது என்னிடம் அல்ல. அவளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்மணி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார், அவரிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணனூர் ரயில் பணிமனைக்குப் பின்னால் வீடு. காலை எட்டரைக்கு வந்தால் மாலை ஆறரைக்குத்தான் போவார். அதுவரை நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் இருப்பேன். தூத்துக்குடியில் வளர்ந்தவள் நான், மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. வாங்கம்மா, சாப்பிட்டீங்களாம்மா, அம்மா பாலைக் கொஞ்சம் பாத்துக்கோங்க என்று நாள் முழுக்க அவரை அம்மா என்பேன். அவர் என்னைப் 'பாப்பா' என்பார். என் கணவரை 'சாரு' என்பார்.

மகள் இதையெல்லாம் கேட்டு யார் யாருக்கு என்ன பெயர் என்று முடிவு செய்துவிட்டாள். அவர் அம்மா, நான் பாப்பா, பெற்ற தகப்பன் சாரு. ஆபீசில்கூடத் தன்னை யாரும் சார் என்பதில்லை என்று கணவர் மகிழ்ந்துபோனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம் சுமந்துவிட்டு அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். பொறாமைதான், வேறென்ன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எதிரே உட்காரவைத்து, என் நெஞ்சைத் தொட்டு 'அம்மா' என்றேன். அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் அவரிடமே முறையிட்டேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார்.

"நீதான பாப்பா என்னை அம்மா அம்மான்றே. புள்ள அத்தக் கேட்டுகினுதான கீது."

இனி நான் அவரை அக்கா என்பது, அவர் என்னை அம்மா என்பது என்று பேசி முடித்தோம். சாயங்காலம் கிளம்பும்போது 'வரேன் பாப்பா' என்றார். 'சரிம்மா' என்றேன்.

அவர் போனதும் மகள் தினமும் கதவைத் தட்டி அழுவாள். அழாதே, அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, நாளைக்கு வருவாங்க என்று நானே என் வாயால் சொல்லித் தேற்ற வேண்டும். மாதக்கணக்கில் சொன்னேன்.

போன வாரம் அவர் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். 'அம்மா' என்று கத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பொம்மையைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தலையைத் தடவினாள்.

"அழுவாத பாப்பா. அம்மா ஊட்டுக்குப் போச்சு. நாளிக்கி வரும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு குனிந்து என் விரலில் ஊதினாள். வலி நின்றுவிட்டது. மற்ற காலையும் நீட்டினேன்.