மேஜைக்கு ஒரு ஊறுகாய் ஜாடி

சமைத்துப் போட்டுப் பிழைப்பவர்களுக்குத் தெரியும், சாப்பிட உட்கார்ந்தவர் முதல் வாய் வைத்துவிட்டு நம் பக்கம் திரும்பும்போது கையிலுள்ள கரண்டி எப்படி நடுவழியில் நின்றுவிடும் என்று. புத்தூரில் எலும்புக்கட்டு வைத்தியத்துக்கு வருகிறவர்களை நம்பி மெஸ் நடத்தும் எனக்கு, இத்தனை வருஷமாகியும் அது பழகவில்லை.

எந்த ஸ்பூன்?

என் வீட்டுக்காரருக்கு பிபி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு மாதம் இதன்படி சாப்பிடட்டும், இறங்காவிட்டால் மாத்திரையைக் கூட்டுவார்கள் என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டிப் படித்ததில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் உப்பு என்று புரிந்தது. எந்த ஸ்பூன்? வீட்டில் நாலு அளவில் இருக்கிறது. நாலையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் போனேன். நர்ஸ் இருப்பதிலேயே சின்னதை எடுத்துக் காட்டினார். "இதாம்மா. தலை தட்டி. அதுவும் மூணு வேளைக்கும் சேத்து."

பாதித் தட்டு

அவருக்கென்று தனியாகச் சமைக்க எனக்கு நேரம் ஏது? மெஸ் முழுவதற்கும் உப்பைக் குறைத்தேன். தட்டில் பாதி காய் இருக்க வேண்டும் என்றும் தாளில் இருந்ததால், சோற்றைக் குறைத்துச் சுரைக்காயையும் பீன்ஸையும் அள்ளி வைத்தேன். விஜயபுரத்திலிருந்து கைக்கட்டோடு வந்திருந்த விவசாயி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இவ்ளோ தழை? நான் மாட்ட ஓட்டிக்கினு வர்ல, பஸ்லதான் வந்தேன்."

பின்பக்கம்

ஆனாலும் யாரும் வேறு மெஸ்ஸுக்குப் போகவில்லை. நாக்கு இவ்வளவு சீக்கிரம் பழகுமா என்று எனக்கே ஆச்சரியம். மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், பிபி இறங்கவே இல்லை. மாத்திரை கூடியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கே தப்பு?

மறுநாள் சமையலறை வாசலில் நின்று கவனித்தேன். மேஜைக்கு ஒன்றாக வைத்திருந்த ஆவக்காய் ஜாடி, முன்பு ஒரு வாரம் வரும். இப்போது மதியத்துக்குள் காலி. கடைசிப் பந்தியில் என் வீட்டுக்காரரே ஜாடிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். உப்பைத்தானே குறைக்கச் சொன்னார்கள், இது ஊறுகாய் என்றார். ஓடிப்போய்த் தாளைக் கொண்டுவந்தேன். திருப்பினால், பின்பக்கத்தில் ஊறுகாய், அப்பளம் எல்லாம் படம் போட்டு மேலே சிவப்புக் கோடு. அவர் நிதானமாக விரலை நக்கினார். "நீ ஒரு பக்கந்தான் படிச்சே. அதுக்கு நான் இன்னாடி பண்றது?"

இப்போது ஜாடிகளெல்லாம் பீரோவில், பீரோ சாவி என் இடுப்பில், அவர் பிபி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, என் பிபியைத்தான் இன்னும் யாரும் பார்க்கவில்லை.