அப்பாவிடம் சொல்லாத ஆபரேஷன்

ஜெர்மனியில் மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் எதையும் குரல் தாழ்த்திக் கேட்பதில்லை. போன குளிர்காலத்தில் ஒரு சிறுநீரியல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் என் பெயரைப் பாதி விழுங்கி அழைத்து, "ஃபோர்ஹவுட்?" என்றாள். முன்தோல் என்று பொருள். ஆமாம் என்றேன். யாரும் தலை நிமிரவில்லை. எனக்குத்தான் காது மடல் சுட்டது. திருச்சியில் நான் வளர்ந்த காலம் முழுவதும் அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடமாகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்தத் தொந்தரவு. தோல் சிவக்கும், வெடிக்கும், ஆறும். ஆறிய தழும்பு இறுகி, ஆறு மாதமாகச் சிறுநீர் கழிப்பதே வேதனையாகிவிட்டது. களிம்பு எதுவும் கேட்கவில்லை. தோலை எடுத்துவிடுவதுதான் வழி என்றார் மருத்துவர். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் படிவத்தைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டாள். அதில் "ரெலிகியோஸ்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்கிறாளாக்கும் என்று தலையாட்டினேன். மதக் காரணத்துக்காகச் செய்துகொள்கிறீர்களா என்பதுதான் கேள்வி. மயக்கம் தெளிந்ததும் ரொட்டியும் சீஸும் கொண்டுவந்து வைத்து, "ஓனே ஷ்வைன்" என்றாள். பன்றி இறைச்சி இல்லையாம். பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடுகிறவன் நான். திருத்துவதற்கு மொழியும் வரவில்லை, மனமும் வரவில்லை. அவ்வளவு அக்கறையாகச் சொன்னவளுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

முதல் வாரம் வீட்டில் வேட்டிதான். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட, ஹீட்டர் அருகே காலை அகட்டி நடந்துகொண்டிருந்தேன். வாஸ்லின் தடவிய துணியை மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் உடம்பு தானாக விழித்துக்கொண்டு தையலை இழுக்கும். ஐந்தாம் நாள் மஞ்சளாக ஏதோ படர்ந்திருப்பதைப் பார்த்துச் சீழ் வைத்துவிட்டதென்று பயந்து மருத்துவமனைக்குப் போன் செய்தேன். கெட்ட வாடையும் காய்ச்சலும் இல்லையென்றால் அது புண் ஆறுகிற அடையாளம், சர்க்கரைக்காரர்களுக்கு மெதுவாகத்தான் ஆறும் என்றார்கள். என் மனைவி செல்வியைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது.

ஊருக்கு, ஏதோ சின்ன ஆபரேஷன் என்று மட்டும் அவள் சொல்லிவைத்திருந்தாள். அன்றைக்குத்தான் அப்பா கூப்பிட்டார். கைலாசபுரம் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து, ஓய்வுபெற்றுத் திருவானைக்காவலில் வீடு கட்டிக்கொண்டவர். அவருக்கும் சர்க்கரை உண்டு.

"என்ன ஆபரேஷன்ப்பா?"

"ஹெர்னியாப்பா. சின்னதுதான்."

"வலி இருக்கா?"

"அவ்வளவா இல்ல."

"கீழ எடத்துல... புண்ணு ஆறிடுமா?" என்றார். ஆறிடும் என்றேன். ஏதோ கேட்க வந்தவர்போல "அப்பறம்..." என்று இழுத்தவர், போனை அம்மாவிடம் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து அம்மாவின் குரல் வந்தது. குளிர்க்காய்ச்சல் என்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டே நாளில் முடிந்துவிட்டது.

நான் ஒரே பிள்ளை. துண்டைச் சுருட்டி இருக்கையில் போட்டு, இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தேன். ஐஸ் பெட்டியில் அப்பா எனக்காகக் காத்திருந்தார். காவிரிக்கரைச் சுடுகாட்டில் தோளில் குடத்தோடு மூன்று சுற்றுச் சுற்றியபோது, தண்ணீர் முதுகில் வழிந்து ஈர வேட்டி தொடையோடு ஒட்டியது. ஒவ்வொரு அடியும் புண்ணில் உரசியது. என் முகத்தைப் பார்த்தவர்கள் அப்பாவுக்காக என்று நினைத்திருப்பார்கள். அதுவும் பொய்யில்லை.

மூன்றாம் நாள் அம்மா துவைக்க எடுத்த வேட்டியோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வேட்டியில் ரத்தக் கறை.

"ஹெர்னியாவுக்கு அடிவயித்துலல்ல தையல் போடுவாங்க. நெசத்த சொல்லுப்பா."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பாவுக்கும் ரெண்டு வருசமா இதேதான். ஒன்னுக்குப் போறப்ப கதவுக்கு உள்ள முனகுவாரு. டாக்டரு எடுத்துடலாம்னு சொன்னாரு. இந்த வயசுல சுன்னத் பண்ணிக்கிட்டு நான் யார் மூஞ்சில முழிக்கிறதுன்னு மாட்டேன்னுட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற."

"நான் சொல்லியிருந்தா பண்ணியிருப்பாராம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை.

"நீ பண்ணிக்கப் போறேன்னு தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பாரு. நீ ஒன்னு செஞ்சா அவருக்கு அது சரிதான்."

வேட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொல்லைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வாரம் தவறாமல் நாங்கள் பேசினோம். சுகர் எவ்வளவு என்று நான் கேட்பேன், உனக்கு எவ்வளவு என்று அவர் கேட்பார். அந்த ஆறு மாதமும் ஒரே வலியை ஆளுக்கொரு கழிவறையில் தாழ்போட்டு வைத்திருந்தோம். காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஆமாம் என்று சொன்ன வாய், அவரிடம் மட்டும் ஹெர்னியா என்றது.

காரியம் முடிந்து திரும்பினேன். தையல்கள் கரைந்துவிட்டன. ஒன்றரை மாதத்தில் புண் முழுக்க ஆறிவிட்டது என்றார் மருத்துவர். வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்றபடி அப்பாவின் தம்பிக்குப் போன் போட்டேன். சித்தப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை. அப்பாவைப் போலவே அவருக்கும் பல வருடச் சர்க்கரை.

"சித்தப்பா, எனக்குப் பண்ணது ஹெர்னியா இல்ல" என்று தொடங்கினேன். வார்த்தைகள் தடுக்கின. தமிழில் அதற்கு நான் பழகியிருந்த சொல்லே இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவுக்கு இருந்ததையும் சேர்த்து. பிறகு, "உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது இருக்கா சித்தப்பா?" என்றேன்.

அந்தப் பக்கம் குடம் ஒன்றைத் தட்டிப் பார்க்கும் சத்தம். யாரோ விலை கேட்கிறார்கள். சித்தப்பாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"இரு தம்பி. கடையில ஆளுங்க இருக்காங்க. வெளிய வந்து பேசறேன்."

டிராம் வந்து நின்றது. கதவு திறந்தது, ஏறுகிறீர்களா என்பதுபோல ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். ஒரு காதில் பனிக்காற்று. இன்னொரு காதில் சித்தப்பாவின் செருப்புச் சத்தம், தெரு முனையில் திரும்பும் பஸ்ஸின் ஹாரன், அவர் மூச்சு வாங்குவது. கதவு மூடிக்கொண்டு டிராம் நகர்ந்தது.

"சொல்லுங்க சித்தப்பா" என்றேன்.